7 பவுண்டு 2 அவுன்ஸ் எத்தனை கிலோ? பேரனின் எடைக் கணக்கில் உதவி தேவை

கோவைத் தாத்தா:
அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் இருக்கும் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்தபோது எடை 7 பவுண்டு 2 அவுன்ஸ் என்றும், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 6 பவுண்டு 9 அவுன்ஸ் என்றும் வாட்ஸ்அப்பில் தெரிவித்தாள். இவற்றை 7.2, 6.9 என்று எழுதி 0.4536 ஆல் பெருக்கினால் 3.266 கிலோவும் 3.130 கிலோவும் வருகின்றன. அதாவது ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்திருக்கிறது. அங்குள்ள மருத்துவரோ 8 சதவீதத்துக்கு அருகில் குறைந்துள்ளது என்று சொல்லி, இரண்டு நாளில் மறுபடியும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா இணையத்தில் தேடிவிட்டு, ஓர் அவுன்ஸ் 31.1 கிராம் என்கிறார். எந்தக் கணக்கு சரி?

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:
வாழ்த்துகள் ஐயா. மருத்துவர் சொன்னதே சரி. 16 அவுன்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்பதால், 2 அவுன்ஸ் 0.2 பவுண்டு ஆகாது, 0.125 தான், அதேபோல் 9 அவுன்ஸ் 0.5625 பவுண்டு. புள்ளி வைத்து எழுதும்போது இரண்டு எடைகளுமே கூடிவிடுகின்றன. பிந்தைய எடை மிக அதிகமாகக் கூடுவதால், குறைந்த அளவு ஏறத்தாழப் பாதியாகத் தெரிகிறது.

முதலில் எல்லாவற்றையும் அவுன்ஸாக்கிக் கொள்ளுங்கள்: 7 × 16 + 2 = 114; 6 × 16 + 9 = 105. இவற்றை 28.35 ஆல் பெருக்கினால் 3,232 கிராம், 2,977 கிராம். குறைந்தது 255 கிராம், அதாவது 7.9 சதவீதம். சதவீதம் மட்டும் வேண்டுமென்றால் கிராமுக்கே போக வேண்டாம். 9 ஐ 114 ஆல் வகுத்தால் போதும். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்புதான் என்றாலும், 10 சதவீதத்தை நெருங்கும்போது குழந்தை பால் குடிப்பதைக் கவனித்துப் பார்ப்பார்கள். ஆகவே மறுபடி வரச் சொன்னதைத் தவறவிட வேண்டாம்.

சம்பந்தியம்மா பார்த்தது தங்கம், வெள்ளி நிறுக்கும் டிராய் அவுன்ஸ். குழந்தைக்கு அது பொருந்தாது. பால் புட்டியில் போட்டிருக்கும் அவுன்ஸும் வேறு, அது ஏறத்தாழ 30 மில்லி லிட்டரைக் குறிக்கும் கொள்ளளவு.

கோவைத் தாத்தா:
மிக்க நன்றி அம்மா. இங்கே இளைய மகனுக்குப் பிறந்த பேத்தியின் எடை 3,620 கிராம். அதை டெக்சாஸுக்குப் பவுண்டில் தெரிவிக்க எக்செல்லில் கணக்கிட்டால், 7 பவுண்டு 16 அவுன்ஸ் என்று வருகிறது. இது எப்படி?

எக்செல் தெரிந்தவர்:
ஐயா, சூத்திரம் முழுப் பவுண்டை முதலில் பிரித்துவிட்டு, மிஞ்சிய 15.69 அவுன்ஸைப் பிறகு முழு எண்ணாக்குகிறது. அதனால்தான் 16 வந்து நிற்கிறது. வரிசையை மாற்றுங்கள். 3,620 ஐ 28.3495 ஆல் வகுத்தால் வரும் 127.69 ஐ முதலிலேயே 128 ஆக்கிவிட்டு, அதன்பின் 16 ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 0. ஆக 8 பவுண்டு. 1959 இல் ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டபடி ஒரு பவுண்டு 453.59237 கிராம் என்பதால், அதையே 16 ஆல் வகுத்துப் பயன்படுத்துவது நல்லது.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பவுண்டாக மாற்றிய எண்ணைத் திரும்பக் கிராமாக்கிக் குறிப்பில் எழுதாதீர்கள். சரியாக 2,500 கிராம் உள்ள குழந்தை 5 பவுண்டு 8 அவுன்ஸ் ஆகிறது. அதைத் திருப்பினால் 2,495 வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இந்த 5 கிராமில் பட்டியலே மாறிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் கிராமில் நிறுத்துவிட்டுத்தான் பெற்றோருக்குப் பவுண்டில் சொல்கிறார்கள். மகளிடம் அந்தக் கிராம் எண்ணையே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.