பேனலிலிருந்து போர்டைப் பிரிக்கும் மேசை: பெங்களூரு லைன்களில் கண்டது

பீன்யாவிலிருந்து, புராசஸ் வேலை பார்ப்பவர்:

போர்டில் பாகங்களை வைக்கிற பிளேஸ்மென்ட் மெஷின் பற்றியும், சோல்டரை உருக்கி ஒட்டுகிற ரீஃப்ளோ அவன் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவோம். பல சர்க்யூட் போர்டுகள் ஒரே பலகையாக இருக்கும் பேனலை, சோல்டர் ஆன பிறகு தனித்தனிப் போர்டாகப் பிரிக்கிற மேசையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பையனைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். ஒடிக்கிற வேலைதானே என்ற நினைப்பு.

எங்களிடம் ஒரு மோட்டார் கண்ட்ரோலர் போர்டு ஓடியது. 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடி நார்ப் பலகை), வி-கட் பேனல், அதாவது பிரிக்க வேண்டிய கோட்டில் V வடிவப் பள்ளம் கீறியது. மேலே மூன்றில் ஒரு பங்கு, கீழே மூன்றில் ஒரு பங்கு கீறி, நடுவில் அரை மி.மீ. போல மிச்சம் விட்டிருப்பார்கள். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் டக்கென்று வந்துவிடும். பாகம் பாகமாக மின்சோதனை செய்யும் ஐசிடியில் பாஸ், ஃபங்ஷனல் டெஸ்டிலும் பாஸ். வாடிக்கையாளரிடம் போய்ச் சில மாதம் ஓடிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சப்ளை லைனில் ஷார்ட். ஒன்றில் போர்டே கருகியிருந்தது.

பழி முதலில் கெபாசிட்டர் ரீல் மேல் விழுந்தது. எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் மலிவாக அள்ளிய சரக்கா என்று பர்ச்சேஸ்காரரைப் போட்டுக் குடைந்தார்கள். பாவம், மனுஷன் முறையான டிஸ்ட்ரிபியூட்டரிடம்தான் வாங்கியிருந்தார். அப்புறம் செத்த பாகங்களையெல்லாம் லேஅவுட் படத்தில் சிவப்புப் பேனாவால் குறித்தோம். எல்லாமே ஒரே விளிம்பு. வி-கட் கோட்டை ஒட்டி, கோட்டுக்குக் குறுக்காகப் படுத்திருந்த 1210 என்ற பெரிய சைஸ் செராமிக் கெபாசிட்டர்கள். கோட்டுக்கு இணையாக இருந்தவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை.

ஒன்றை ரெசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அடிப்பக்கம், உலோக முனை முடிகிற இடத்திலிருந்து உள்ளே சாய்வாக ஏறும் விரிசல். அப்பளத்தைப் பலகையில் ஒட்டிவிட்டுப் பலகையை வளைத்த கதைதான். போர்டு வளைந்து கொடுக்கும், செராமிக் கொடுக்காது, இரண்டு முனையையும் சோல்டர் விடாமல் பிடித்து இழுக்கும். விரிசல் பாகத்துக்கு அடியில் இருப்பதால் கேமராவால் சரிபார்க்கும் ஏஓஐ மெஷினின் கண்ணில் படாது. டெஸ்ட் செய்யும் நேரத்தில் மைக்ரோஃபாரட் கணக்கும் பெரும்பாலும் சரியாகவே காட்டும். வோல்டேஜில் நாள்கணக்காக நின்று, ஈரமும் உள்ளே புகுந்த பிறகுதான் கசிவு தொடங்கி ஷார்ட்டில் முடியும்.

கையால் ஒடிப்பதை நிறுத்திவிட்டு, சக்கர பிளேடு வைத்த பிரிக்கும் மெஷின் வாங்க வைத்தோம். நிர்வாகத்தில் ஒப்புதல் வாங்கியது தனிப் புராணம், அதை விடுங்கள். மெஷின் வந்ததோடு தீரவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும். மேல் சக்கரத்துக்கும் கீழ் பிளேடுக்கும் உள்ள இடைவெளி தப்பினாலோ, பிளேடு மழுங்கினாலோ அதுவும் போர்டை வளைக்கும். நீளப் பேனலின் மறுமுனை அந்தரத்தில் தொங்கினாலும் அப்படித்தான். கெபாசிட்டருக்குப் பக்கத்தில் வளைவின் அளவைக் காட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்த பிறகுதான் எந்த அமைப்பு நல்லது என்ற வாக்குவாதம் ஓய்ந்தது. அளக்கும் முறைக்கு ஐபிசி/ஜேடெக் 9704 என்ற வழிகாட்டி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மசந்திராவிலிருந்து, லைன் லீடர்:

எங்களுடையது வி-கட் இல்லை சார், டேப் (tab) வைத்த பேனல். போர்டைச் சுற்றி ரவுட்டிங் செய்து (சுழலும் கட்டரால் வெட்டி), அங்கங்கே சிறு பாலம் விட்டு, பாலத்தில் வரிசையாகப் பொடி ஓட்டை போட்டிருப்பார்கள். மவுஸ் பைட் என்போம். என் லைனில் ஓசூரிலிருந்து வந்து போகிற பெண்கள்தான் அதிகம். ஒரு பெண் பேனலைத் திருகித் திருகிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, திருகினா ஈஸியா வருது" என்றாள். ஈஸிதான், ஆனால் திருகும்போது போர்டு முழுவதும் முறுக்குகிறது, விளிம்பில் உள்ள பாகம் மட்டும் தப்பினால் போதாது. பாலத்தைக் கட்டர் வைத்து ஒவ்வொன்றாக நறுக்கச் சொன்னேன். அடியில் சோல்டர் உருண்டைகளால் ஒட்டிய பால்கிரிட் ஐசி உள்ள போர்டுகளை ரவுட்டர் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு தொல்லை, பிரித்த இடத்தில் நிற்கும் பிசிறு. பிளாஸ்டிக் பெட்டிக்குள் போர்டு உட்காராது. அரம் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். அது கண்ணாடி நார்த் தூள், கை அரிக்கும், மூச்சிலும் போகும். உறிஞ்சும் குழாய் இல்லாத மேசையில் அந்த வேலைக்கு நான் ஆளைப் போடுவதில்லை, சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி. பிரித்த போர்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதையும் நிறுத்தினோம். ஒரு போர்டின் ஹெட்டர் பின் இன்னொன்றின் பாகத்தைச் சுரண்டிவிடுகிறது. பள்ளம் வைத்த ஈஎஸ்டி (நிலைமின்சாரம் தாக்காத) ரேக்கில்தான் இப்போது நிற்கின்றன.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து, லேஅவுட் போடுபவர்:

பீன்யாக்காரர் சொன்ன சிவப்புப் பேனா வேலையை நாங்கள் முன்கூட்டியே செய்திருக்கலாம், உண்மைதான். பேனலை, வெறும் போர்டு செய்து தரும் பிசிபி வெண்டரே தன் வசதிக்கு அமைத்துக்கொள்வார், கோடு எங்கே விழும் என்று எங்களுக்கே தெரியாமல் போவதும் உண்டு. பேனல் படத்தையும் சேர்த்து எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரிய செராமிக் கெபாசிட்டரைக் கோட்டிலிருந்து தள்ளி, கோட்டுக்கு இணையாகத் திருப்பிவிடலாம். நகர்த்த இடமே இல்லையென்றால் முனையில் பாலிமர் அடுக்குள்ள வகையைப் போடுவோம், விலை கொஞ்சம் கூடும். கனெக்டர் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் சக்கரம் போகாது, அங்கே மட்டும் வி-கட்டை விட்டு ரவுட்டிங் கேளுங்கள்.