புதுப்பிப்பு: ஃப்ரீசர் ஐஸ் கரைஞ்சது, காரணமும் பிடிபட்டது

ஃப்ரீசர் மூடி சாத்த முடியாத அளவு ஐஸ், கத்தியால சுரண்டலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்த எல்லாருக்கும் நன்றி. ஐஸுக்குப் பின்னால இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு, அதுக்குள்ளதான் காஸ் ஓடுது. ஓட்டை விழுந்தால் பிரிஜ்ஜே போச்சு.

நுவரெலியா குளிருல பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து வச்சா மட்டும் லேசில உருகாது. சுடுதண்ணிச் சட்டியை உள்ளே வச்சு, ஆற ஆற மாத்தினேன். பலகை பலகையாகக் கழன்று வந்தது. அப்பச்சோடாத் தண்ணியால துடைச்சதும் மீன் வாடையும் போச்சு.

முக்கியமான விசயம் கதவு ரப்பர். கடதாசித் துண்டை இடையில வச்சு, கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில மட்டும் வழுக்கிக்கிட்டு வந்தது. அந்த இடுக்காலதான் இங்கத்த ஈரக்காத்து உள்ளே போய் உறைஞ்சிருக்கு. மடிப்பு அழுக்கை எடுத்து, சுடுதண்ணித் துணியால ஒத்தி ரப்பரை நீவிவிட்டேன். இப்போ கடதாசியை இறுகப் பிடிக்குது. உங்க ரப்பர் வெடிச்சிருந்தால் மாத்தத்தான் வேணும்.