முதல் காட்சியில் நம்மைக் கட்டிப்போடுவது எது?

கேள்வி: குற்றப் படங்களின் தொடக்கத்தில் கொலையைக் காட்டினால்தான் ஈர்ப்பு வருமா?

பதில்: கொலை அல்ல, காத்திருப்பு. இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தைப் பாருங்கள். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது; குண்டு கார் டிக்கிக்குள் போகிறது. பிறகு மூன்று நிமிடத்துக்கும் மேலாகக் காட்சியில் வெட்டே கிடையாது, ஒரே ஷாட். மெக்சிகோ எல்லைத் தெருவில் கார் ஊர்கிறது. சோதனைச் சாவடியில், தலைக்குள் டிக் டிக் என்று கேட்பதாகக் காரில் இருக்கும் பெண் சொல்கிறாள். யாரும் காதில் வாங்குவதில்லை. என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

இன்னொருவர்: காட்சியின் மேலே ஓடும் நடிகர், கலைஞர் பெயர்கள் கவனத்தைக் கலைக்கின்றனவே?

பதில்: அப்படியானால் 1998 பதிப்பைத் தேடுங்கள். படம் எப்படி இருக்க வேண்டும் என்று வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பைக் கொண்டு படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் தொகுத்தது. பெயர்கள் இல்லை, தெருக் கடைகளின் பாட்டும் கார் ரேடியோவும் மட்டுமே. ரேடியோ நெருங்கினால் குண்டும் நெருங்குகிறது!