பிரெஞ்சு பேசும் பிளெமிஷ்காரர்கள்

லில்லிலிருந்து:

பெல்ஜியத்தில் டச்சு பேசும் வடக்குக்கும் பிரெஞ்சு பேசும் தெற்குக்கும் இடையிலான மொழித் தகராறு நம்மில் பலருக்கும் தெரியும். அந்த வடக்குதான் பிளாண்டர்ஸ், அங்கே பேசும் டச்சு வழக்குதான் பிளெமிஷ். எல்லைக்கு இந்தப் பக்கம், பிரான்சுக்குள்ளும் ஒரு பிளாண்டர்ஸ் இருக்கிறது: டன்கர்க், கசெல், ஸ்டீன்வோர்ட் என்று. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி சேர்த்துக்கொண்ட மண். பெரும்பகுதி போரில் வந்தது. டன்கர்க்கை மட்டும் 1662இல் இங்கிலாந்து அரசரிடமிருந்து காசு கொடுத்தே வாங்கினார்.

கசெலில் நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். வாசலில் மஞ்சள் கொடி, அதில் கருஞ்சிங்கம். "நான் பிளெமிஷ்காரன்" என்று அழுத்திச் சொன்னார், பிரெஞ்சில். அவருடைய பெற்றோர் தங்களுக்குள் பிளெமிஷ்தான் பேசுவார்களாம். பிள்ளைகளிடம் மட்டும் பிரெஞ்சு. பள்ளியில் பிளெமிஷ் பேசியதற்காக அப்பா தண்டனை வாங்கியிருக்கிறார். தன் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார். "அவர்கள் பேசியது எனக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வராது" என்றார் பெரியவர்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1880களில் வந்த கட்டாயக் கல்வி முழுக்கப் பிரெஞ்சில். 1951இல் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் மொழிகளைப் பள்ளிக்குள் விட்ட சட்டமும் பிளெமிஷைச் சேர்க்கவில்லை. அது வேற்று நாட்டு மொழியின் வட்டார வழக்காம்! 2021 கடைசியில்தான் அரசுச் சுற்றறிக்கையில் இடம் கிடைத்தது. அதற்குள் பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். கசெலிலிருந்து இருபது கிலோமீட்டர் போல் தள்ளி, பெல்ஜியத்தின் போப்பெரிங்கேயில் அதே பேச்சு இன்றும் கடைத்தெருவில் கேட்கிறது. அங்கே மொழிதான் அடையாளம். கசெலிலோ கொடியும், ஈஸ்டர் திங்களன்று ஆடிவரும் ராட்சத உருவங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பிரஸ்ஸல்ஸிலிருந்து:

இங்கே நடந்தது வேறு மாதிரி. ஒரு காலத்தில் ஊரில் பெரும்பாலோர் பேசியது டச்சு வழக்கு. 1830இல் பெல்ஜியம் உருவான பிறகு படிப்பு, பதவி எல்லாம் பிரெஞ்சில் என்றானதும் குடும்பம் குடும்பமாக மாறிப்போனார்கள். என் அலுவலகத் தோழியின் பாட்டிக்கு டச்சு, அம்மாவுக்குப் பிரெஞ்சு. தோழி இப்போது மகனை டச்சுவழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள், நாளைக்கு வேலைக்கு இரண்டும் வேண்டுமே என்று. கொள்ளுப்பாட்டியிடம் டச்சில் பேசுவது வீட்டில் அவன் ஒருவன்தான். அப்படியென்றால் நீங்கள் பிளெமிஷ் குடும்பமா என்று கேட்டேன். "இல்லை, நாங்கள் பிரஸ்ஸல்ஸ்காரர்கள்" என்றாள், சட்டென்று.