நாமக்கோழியும் தாழைக்கோழியும்: பருந்து வந்தபோது பார்த்தவர்கள் உண்டா?

கொளத்தூர்வாசி:
மார்கழிக் காலை, சென்னை ரெட்டேரிக் கரை. சம்புக் கோரை ஓரமாகத் தாழைக்கோழிகள், நடுத்தண்ணீரில் நாமக்கோழிக் கூட்டம். வழக்கமான காட்சிதான். திடீரென்று சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. தாழைக்கோழிகள் வாலை வெட்டி வெட்டிக் கோரைக்குள் ஓடி மறைந்தன. நாமக்கோழிகள் ஓடவே இல்லை! சிதறிக் கிடந்தவை எல்லாம் நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டன. பருந்து தலைக்கு மேல் வந்ததும் தண்ணீரை வாரி இறைத்தன பாருங்கள், அது சுற்றிப் பார்த்துவிட்டு மாதவரம் பக்கம் போய்விட்டது. நெற்றி வெள்ளை என்றால் நாமக்கோழி, சிவப்பு என்றால் தாழைக்கோழி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

புழல் தம்பி:
பருந்தைப் பார்த்ததில்லை அண்ணா, நாமக்கோழியின் கால்களைப் பார்த்திருக்கிறேன். புழல் ஏரியில் ஒரு நாமக்கோழி மீன் வலையில் சிக்கிக் கிடந்தது. மீனவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வலை நரம்பை அறுத்தார். விரல்களில் கணுவுக்குக் கணு இலை போல் தனித்தனி மடல். வாத்துக்கு இருக்கிற சவ்வு கிடையாது. காலைப் பின்னால் தள்ளும்போது மடல் விரிகிறது, முன்னால் இழுக்கும்போது மடங்கிக்கொள்கிறது. தாழைக்கோழிக்கு வெறும் நீள விரல்தான். விட்டதும் தண்ணீர் மேலேயே தடதடவென்று ஓடித்தான் எழும்பியது.

மணலி அக்கா:
கொளத்தூர் சகோ, நெற்றியை மட்டும் நம்பக் கூடாது. மணலியில் ஆகாயத்தாமரை மேல் நடந்துபோன பழுப்புப் பறவைக்கு நெற்றியில் சிவப்பே இல்லை. பக்கத்தில் இருந்தவர் கானாங்கோழி என்று அடித்துப் பேசினார். அது இளம் தாழைக்கோழி! விலாவில் வெள்ளைக் கோடு பாருங்கள், வாலடியில் இரண்டு பக்கமும் வெள்ளை பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாமக்கோழிக் குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் தொண்டையும் மார்பும் வெளுத்திருக்கும், அதுவும் குழப்பும். இரை தேடும்போது கவனியுங்கள்: துள்ளி முங்கி, பாசியோடு மேலே வந்தால் நாமக்கோழி. தாழைக்கோழி அவ்வளவாக முங்காது. அப்புறம், வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புதான். கரைக் கோரையை யாராவது கொளுத்தினால் தடுத்துக் கேளுங்கள், தாழைக்கோழிக்கு அதைவிட்டால் ஒளிய இடமில்லை.

கொளத்தூர்வாசி:
அக்கா, அடையாளம் எனக்குத் தெரியும். பருந்தைப் பற்றித்தான் கேட்டேன்.

கொரட்டூர் நண்பன்:
நான் பார்த்திருக்கிறேன் தோழர். எங்கள் ஏரியில் கூட்டத்தை விட்டு விலகி நீந்திய ஒரு நாமக்கோழியைத்தான் பருந்து குறிவைத்தது. கால் நீட்டி இறங்கும் நேரத்தில் அது முங்கிவிட்டது. பருந்து அங்கேயே வட்டமிட, அது கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் எழுந்தது.