யாரும் பார்க்கவே இல்லை, அடியாட்கள் மட்டும் எப்படி வந்தார்கள்? (ஸ்கைரிம்)

வெண்ணெய்க்கள்வன்:

ஸ்கைரிம் 2011-இல் வந்த கேம். நான் இப்போதுதான் தொட்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

கேமில் வரும் வைட்ரன் என்ற ஊரில், வியாபாரி பெலதோர் கடை. நடுராத்திரி பூட்டைத் திறந்து உள்ளே போனேன். குனிந்தபடியே நடந்தேன், யாராவது பார்த்தால் திறந்து காட்டும் அந்தத் திரை நடுக் கண் ஒருமுறைகூட முழுதாகத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக் கட்டி, மூன்று மருந்துக் குப்பி, ஒரு நெக்லஸ். 'திருடு' என்று சிவப்பு எழுத்தில் வந்தது, தெரிந்துதான் எடுத்தேன். வெளியே காவலர் என்னைக் கடந்து போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. பவுண்டி (குற்றத்துக்காகத் தலைமேல் ஏறும் தொகை) பூஜ்யம்.

காலையில் நெக்லஸை அதே பெலதோரிடம் விற்கப் போனேன். (ஆமாம். தெரியும்.) விற்கும் பட்டியலில் அது வரவே இல்லை. தங்கை இருந்தால் அவளையும் விற்றுவிடுவேன் என்று வாய் கூசாமல் சொல்கிற ஆசாமி, ஒரு நெக்லஸுக்கு இவ்வளவு நியாயம் பார்க்கிறார்.

அது போகட்டும். ரெண்டு மூன்று நாள் கழித்து ரிவர்வுட் கிராமத்துக்குப் போகும் வழியில் மூன்று பேர் வாளோடு வந்தார்கள். இரண்டு தடவை செத்தேன். மூன்றாம் தடவை எப்படியோ ஜெயித்து, ஒருவன் பையைத் துழாவினால் ஒரு கடுதாசி. என் பெயர் போட்டு, மறக்க முடியாத பாடம் கற்பிக்கச் சொல்லியிருக்கிறது. அனுப்பியவர் பெலதோர்!

தூங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? இது பிழையா, இல்லை கேமே இப்படித்தானா?

கூடைக்காரன்:

அவர் தலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு எடுத்திருக்க வேண்டும் நண்பரே. கூடை கண்ணை மறைத்துவிட்டால் அவர் முன்னாலேயே கடையைக் காலி செய்யலாம், அசையாமல் நிற்பார். வாளி கிடைத்தால் இன்னும் நல்லது.

அடியாட்களுக்கு இது மருந்தில்லை, சும்மா சொன்னேன்.

பூட்டுக்குச்சி:

பிழை இல்லை தம்பி. மூன்று வேறு கணக்குகளை நீ ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பவுண்டி என்பது சாட்சியைப் பொறுத்தது. யாராவது பார்த்தால்தான் ஏறும். அத்துமீறி நுழைந்தால் 5, பிக்பாக்கெட் 25, அடித்தால் 40, கொலை 1000. அதுவும் ஒவ்வொரு ஹோல்டுக்கும் (கேம் உலகத்தின் மாவட்டம் மாதிரி) தனித்தனி. மொத்தம் ஒன்பது ஹோல்டு, வைட்ரனில் கொலைகாரனாக இருப்பவன் வேறு ஹோல்டில் இருக்கும் ரிஃப்டன் ஊரில் பெரிய மனிதனாக நடமாடலாம். கடைசி சாட்சியையும் கொன்றுவிட்டால் பவுண்டியே அழிந்துபோகும்.

திருட்டு முத்திரை பொருளைப் பொறுத்தது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நெக்லஸில் அது ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் ஒரு வருஷம் போட்டு வைத்தாலும் போகாது. சாதாரண வியாபாரி தொடமாட்டார். ரிஃப்டனுக்குப் போய் பிரின்யோல்ஃபிடம் பேசித் திருடர் சங்கத்தில் சேர்ந்துவிடு, அங்கே டொனிலியா வாங்கிக்கொள்வாள். முதலில் அவளிடம் 1000 தங்கம்தான் இருக்கும், பெரிய மூட்டையோடு போய் நிற்காதே.

ஆனால் வெள்ளிக் கட்டி வேறு கதை. கேம் முத்திரையைப் பொருளோடு மட்டும்தான் கட்டி வைத்திருக்கிறது, பொருள் வேறொன்றாக மாறினால் முத்திரையும் போயிற்று. வைட்ரன் வாசலை ஒட்டியே உலை இருக்கிறது. அந்தக் கட்டியை உருக்கி மோதிரமாக அடித்து, அதை பெலதோரிடமே கொண்டுபோய் விற்றுப் பார். வாயைத் திறக்காமல் காசு தருவார். திருடிய மூலிகையில் மருந்து காய்ச்சினாலும் இதே கதைதான். குப்பிகளை மட்டும் நீயே குடித்துவிடு.

மூன்றாவது, அடியாட்கள். இது பொருளின் சொந்தக்காரரைப் பொறுத்தது. கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதெல்லாம் கணக்கில்லை. யாரிடம் எடுத்தாயோ அவர் பேரில் ஆள் வரலாம், எல்லாத் திருட்டுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. நியாயமா என்றால் இல்லைதான். நீயும் போய் யாரிடம் முறையிடுவாய்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு அந்த மூன்று பேர் கவசத்தையும் கழற்றி விற்றுவிடு. அது திருட்டுக் கணக்கில் வராது.

வெண்ணெய்க்கள்வன்:

மோதிரம் அடித்தேன். விற்றேன். வாங்கிக்கொண்டார்!!

இன்னொரு கேள்வி. நேற்று ரொட்டி எடுக்கும்போது (ரொட்டிதான்) மாட்டிக்கொண்டேன். அபராதம் கட்டுவதா, ஜெயிலுக்குப் போவதா?

பூட்டுக்குச்சி:

சின்னத் தொகை என்றால் கட்டிவிடு. ஜெயிலில் படுத்துத் தூங்கினால் திறமைகளில் அடுத்த படிக்குச் சேர்த்து வைத்த முன்னேற்றம் கரையும், அது காசைவிட வலிக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கையில் இருக்கும் திருட்டுப் பொருளையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் காவலரிடம் தலையைக் கொடுக்கும் முன் நெக்லஸை உன் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வா. பிடுங்கினது ஜெயிலிலேயே ஒரு பெட்டியில்தான் இருக்கும், பூட்டு திறக்கத் தெரிந்தால் அதுவும் உன்னுடையதுதான்.

பழையகணக்கு:

நீங்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவர்கள். இதே வரிசையில் 2002-இல் வந்த பழைய கேம் மோரோவிண்டில் முத்திரையே கிடையாது. அதற்குப் பதிலாக, யாரிடம் என்ன வகைப் பொருளைத் திருடினாய் என்று கேம் மனதில் வைத்துக்கொள்ளும். ஒரு கடையில் ஒரு கத்தியைச் சுட்டேன், அதை வேறு ஊரில் விற்றும் தீர்த்தேன். பல நாள் கழித்து, காசு கொடுத்து வாங்கிய அதே வகைக் கத்தியை அந்தக் கடையில் நீட்டினால், இது என்னுடையது என்று பிடித்துக்கொண்டார். வாங்கிய கத்தியும் போச்சு, மரியாதையும் போச்சு. சேவ் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று கேட்காதீர்கள்.

வெண்ணெய்க்கள்வன்:

எவ்வளவு நேரம்?

பழையகணக்கு:

மூன்று மணி நேரம்.