கூலிங் டவர் தண்ணி கலங்கலா இருந்தா சுண்ணாம்பு சீக்கிரம் படியுமா?

கேள்வி (மில் யூட்டிலிட்டி):
ஈரோடு பக்கம் ஸ்பின்னிங் மில்லுல இருக்கேன். போர் தண்ணிதான், ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 400க்கு மேல. டவர் தண்ணி ஓடற கம்ப்ரஸர் கூலர் ட்யூப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி கழுவுவோம், இப்ப ரெண்டே மாசத்துல ஆயில் சூடு ஏறிடுது. ஹார்ட்னஸும் அதேதான், கெமிக்கல் டோசிங்கும் மாத்தல. பக்கத்துல ரோடு வேலை நடக்குது, டவர் பேசின் (அடித்தொட்டி) பூரா செம்மண்ணு, கூடவே பஞ்சு தூசி. இந்த மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தம் உண்டா? ஆசிட் விட்டு கழுவி ஓட்டுங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல.

பாய்லர்காரன்:
உண்டு தம்பி. தண்ணி சூடானா பைகார்பனேட் உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா வரும், அது படிகமா புடிச்சு வளர ஒரு இடம் வேணும், தூசி அந்த இடத்த குடுத்துடுது. ட்யூப்ல தண்ணி வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்கு கீழ போச்சுன்னா மண்ணு உக்காரும், சுண்ணாம்பு அத சிமெண்ட் மாதிரி கட்டிடும். எல்எஸ்ஐ (சுண்ணாம்பு படியுமான்னு காட்டற குறியீடு) கணக்கு நல்லா வருதேன்னு நம்பாதீங்க, அதுல பிஹெச், கால்சியம், அல்கலினிட்டி (காரத்தன்மை), டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு), டெம்பரேச்சர் இவ்வளவுதான், கலங்கலுக்கு இடமே கிடையாது. கழட்டும்போது கொஞ்சம் படிவு எடுத்து கண்ணாடியில வெச்சு நீர்த்த ஆசிட் விடுங்க, பொங்கி கரையறது சுண்ணாம்பு, கரையாம நிக்கறது பெரும்பாலும் மண்ணு.

இசட்எல்டி (கழிவுநீர வெளிய விடாத பிளான்ட்) ஆபரேட்டர்:
அண்ணா சொல்றது சரி, ஆனா துகள்னாலே கெடுதல்னு இல்ல. சில உப்புநீர் எவாப்பரேட்டர்ல (தண்ணிய ஆவியாக்கற மெஷின்) வேணும்னே கால்சியம் சல்ஃபேட் தூள தண்ணியோட சுத்த விடுவாங்க, படியற உப்பு ட்யூப்ல ஒட்டாம அந்த தூள் மேலயே வளரும். அது ஓடிக்கிட்டே இருக்கணும், அளவா வெளிய எடுத்துக்கிட்டும் இருக்கணும். உங்க மண்ணு அப்படி ஓடாது, வேகம் குறையற இடத்துல உக்காந்துக்கும், பஞ்சு அத புடிச்சு நிறுத்தும்.

டோசிங் பையன்:
டோசிங் மாத்தலன்னீங்களே, அங்கதான் எனக்கு சந்தேகம். பாஸ்போனேட் (சுண்ணாம்பு படியாம தடுக்கற கெமிக்கல்) களிமண்ணு மேலயும் துரு மேலயும் ஒட்டிக்கும், பம்பு அதே அளவு அடிச்சாலும் தண்ணியில வேலை செய்ய மிச்சம் கம்மியாயிடும். ரெசிடுவல் டெஸ்ட் (தண்ணியில மிச்சம் இருக்கற கெமிக்கல் அளவு) எடுங்க, டிஸ்பர்சன்ட் (மண்ண உக்கார விடாம பிரிச்சு வெக்கற கெமிக்கல்) கேளுங்க, சர்குலேஷன்ல ஒரு 5 சதவீதமாவது சைடு ஸ்ட்ரீம் ஃபில்டர் (தண்ணியில ஒரு பங்க மட்டும் பிரிச்சு வடிகட்டறது) வழியா விடுங்க. மண்ண எடுக்காம ஆசிட் மட்டும் விட்டா சுண்ணாம்பு கரையும், மண்ணு நிக்கும், அதுக்கு அடியில ட்யூப் அரிக்கும். இன்ஹிபிட்டர் (அரிப்ப தடுக்கற கெமிக்கல்) இல்லாம ஆசிட் விடவே விடாதீங்க.

மில் யூட்டிலிட்டி:
ஆசிட் டெஸ்ட் போட்டுட்டேன். பொங்குச்சு, ஆனா பாதிக்கு மேல செவப்பா அப்படியே நிக்குது. ரெசிடுவலும் கம்மி. மேனேஜர்கிட்ட அந்த கண்ணாடியவே கொண்டு போய் காட்டினேன், சனிக்கிழமை ஷட்டவுன்ல பேசின் வழிக்க ஒத்துக்கிட்டாரு. மணல் ஃபில்டர் போட்டா பேக்வாஷ் தண்ணிய (ஃபில்டர கழுவி விடறது) ப்ளோடவுன் (உப்பு ஏறாம இருக்க டவர்ல இருந்து வெளிய விடற தண்ணி) கணக்குல கழிச்சுக்கலாமா?

டோசிங் பையன்:
தாராளமா கழிக்கலாம், அதுவும் டவர் தண்ணிதான. ஒரு மீட்டர் மாட்டிக்கங்க.